கட்சிக்குப் பாட்டும் கதையும் என்னத்துக்கு?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதானே. வெள்ளவத்தையில நாலஞ்சு பேர் சேர்ந்து நடத்துற உங்கட வாசிப்பு வட்டத்தில ஒரு தோழர், "பாட்டு, கூத்து, சிறுகதை எல்லாம் நேரத்தை வீணாக்கிற வேலை, முதல்ல பொருளாதாரம் படிப்பம், கலையைப் பிறகு பாப்பம்" எண்டு சொல்லிப்போட்டார், அது சரியோ, சோசலிச இயக்கத்தில இசைக்கும் இலக்கியத்துக்கும் உண்மையில என்ன வேலை இருந்தது எண்டு. மே தினத்துக்கு முதல் ஒரு பின்னேர நிகழ்ச்சி வைக்கிறதெண்டால் என்ன செய்யலாம் எண்டும் கேட்டிருந்தீங்கள், அதை கடைசியில சொல்றன்.

அந்தத் தோழர் சொல்றது பிழை. ஆனா அவர் ஏன் அப்பிடிச் சொல்றார் எண்டு எனக்கு விளங்குது. கொழும்பில மே தினம் எண்டால் நாங்கள் பாத்துப் பழகினது என்ன, லொறியில ஆளுயர ஸ்பீக்கரைக் கட்டி, சினிமாப் பாட்டு மெட்டில தலைவர் பேரைச் செருகி ஒரு பாட்டு, அதுக்குப் பின்னால தொப்பியும் டீசேட்டும் போட்ட சனம், அவ்வளவுதான். அதை மட்டும் பாத்தவனுக்கு பாட்டு எண்டால் கூட்டம் சேர்க்கிற சாமான் எண்டுதான் தோணும்.

அவர் பக்கம் ஒரு நியாயத்தையும் முதலே சொல்லிப்போடுறன். 1953 ஓகஸ்ட் 12 ஹர்த்தாலுக்கு பாட்டு தேவைப்படேல்ல. ஒரு கொத்து அரிசி 25 சதத்தில இருந்து 70 சதத்துக்கு ஏறினதே போதுமா இருந்தது, நாடே நிண்டுது, மந்திரிமார் துறைமுகத்தில நிண்ட பிரிட்டிஷ் போர்க்கப்பல்ல ஏறி இருந்து கூட்டம் நடத்தினவை. வயிறு காய்ஞ்சால் சனம் எழும்பும், அதுக்குக் கவிஞர் வந்து எழுப்பத் தேவையில்ல. ஆனா ஹர்த்தால் ஒரு நாளோட முடிஞ்சுது எண்டதையும் பாருங்கோ. எழும்பின சனம் அடுத்த நாளும் தங்களை ஒரே கூட்டமா நினைக்கவேணும் எண்டால் விலைப்பட்டியல் காணாது. நான் சொல்லவாற விசயம் இதுதான்: பாட்டும் கதையும் இயக்கத்துக்கு விளம்பரம் செய்யேல்ல, ஆர் வாய் திறக்கலாம், ஆர் பேனை பிடிக்கலாம், ஆற்ற சீவியம் கதையாகலாம் எண்டு ஊர் போட்டு வச்சிருந்த வரிசையைக் குழப்பினது. எங்கட இடதுசாரிக் கட்சிகள் தேர்தல்ல தோத்து, துண்டு துண்டா உடைஞ்சு, சிலது மந்திரிப் பதவிக்குப் போய் கரைஞ்சும் போச்சு. பாட்டும் கதையும் குழப்பிவிட்ட வரிசை மட்டும் பழையபடி திரும்பேல்ல.

மலையகத்தில, அதாவது தேயிலைத் தோட்டங்கள் இருக்கிற மலைநாட்டில இருந்து தொடங்குவம். 1930களில தோட்டத்துச் சனத்தில வாசிக்கத் தெரிஞ்ச ஆக்கள் கொஞ்சப்பேர்தான். துண்டுப் பிரசுரம் அடிச்சுக் குடுத்து என்ன செய்ய. கோ. நடேசய்யர் 1931ல தோட்டத் தொழிலாளருக்கு சங்கம் தொடங்கினவர், பத்திரிகையும் நடத்தினவர், ஆனா அவருக்கு மேடையில பெரிய பலமா இருந்தது அவற்ற மனிசி மீனாட்சி அம்மை. அவ பாட்டுப் பாடுவா, தானே கட்டினதும், பாரதி பாட்டும். 1940ல 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' எண்டு ஒரு சின்னப் பாட்டுப் புத்தகம் போட்டவ. இந்தியாவில இருந்து வந்த கூலிச் சனத்தை வேலையால நிப்பாட்டித் திருப்பி அனுப்புற கதை நாடு முழுக்க ஓடின நேரம் அது. எல்லாம் சனத்துக்கு ஏற்கனவே தெரிஞ்ச மெட்டு. மெட்டு தெரிஞ்சால் சொல்லு தன்ரபாட்டில மனசில நிக்கும், ஒரு தடவை கேட்டவள் அடுத்த நாள் மலையில கொழுந்து கிள்ளிக்கொண்டே பாடலாம், கங்காணி வந்து பறிச்சுக் கிழிக்கிறதுக்கு அதில காகிதமும் இல்ல. நடேசய்யர் கட்சி சோசலிஸ்ட் இல்ல, அது வேற கதை, ஆனா அவருக்குப் பின்னால தோட்டத்துக்குள்ள போன சிவப்புக்காரர் எல்லாருக்கும் வழி வெட்டினது அந்தப் பாட்டுகள்தான் எண்டு நான் சொல்லுவன். ஒரு பொம்பிளை மேடையில ஏறி, துரைமாரின்ர அநியாயத்தை ராகத்தோட சொல்றதே அந்தக் காலத்தில ஒரு அரசியல்.

சி.வி. வேலுப்பிள்ளையையும் இங்க வைக்கவேணும். தொழிற்சங்கக்காரர், 1947ல தலவாக்கலையில இருந்து பாராளுமன்றம் போனவர், அடுத்த வருசமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்து அவரை அனுப்பின சனத்தையே நாடில்லாத சனமாக்கிப்போட்டுது. அவர் அதுக்குப் பிறகு செய்த வேலையளில எனக்குப் பெரிசாத் தெரியிறது நாவலோ ஆங்கிலக் கவிதையோ இல்ல, தோட்டத்துச் சனம் பாடின தாலாட்டு, ஒப்பாரி, வேலைப்பாட்டு, கங்காணியை நக்கலடிக்கிற பாட்டு எல்லாத்தையும் திரட்டி 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' எண்டு 1983ல புத்தகமாக் குடுத்தது. வாக்குரிமையைப் பறிக்கலாம், இந்த மண்ணில நாங்கள் சீவிச்ச சீவியத்தைப் பறிக்கேலாது எண்டதுக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. தப்பு எண்ட பறையும் அப்பிடித்தான், விடியக் காலமை பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, ஆளைக் கூப்பிட அடிச்ச அதே தப்பு, இப்ப மே தின ஊர்வலத்தில முன்னுக்கு வருது.

இனி யாழ்ப்பாணம், அதோட கொழும்பும், ஏனெண்டால் யாழ்ப்பாணத்து முற்போக்கு இலக்கியத்தில பாதி கொழும்பில இருந்துதான் நடந்தது. 1946ல கே. கணேஷும் கே. இராமநாதனும் 'பாரதி' எண்டு ஒரு சஞ்சிகை போட்டவை. கணேஷ் முல்க் ராஜ் ஆனந்தின்ர நாவலை 'தீண்டாதான்' எண்டு தமிழாக்கினவர், பிறகு ஹோசிமின், லூசுன் எல்லாம் தமிழுக்குக் கொண்டுவந்தவர். 1954ல இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் அமைப்பா உருவாகி, பிரேம்ஜி செயலாளரா நிண்டு அதை ஓட்டினவர். 1959ல பாத்தால் விமர்சகர் க. கைலாசபதி லேக் ஹவுஸ் நிறுவனத்தின்ர தமிழ் நாளிதழ் தினகரனுக்கு ஆசிரியர். லேக் ஹவுஸ் எண்டால் இடதுசாரிகளைக் கண்ணில காட்டேலாத முதலாளி வீட்டுப் பத்திரிகை, அதுக்குள்ள ஒரு மார்க்ஸிஸ்ட் கதிரையில இருந்துகொண்டு முற்போக்கு நாவலாசிரியர் இளங்கீரனுக்குத் தொடர்கதை எழுத இடம் குடுக்கிறார், பேர் தெரியாத இளம் பெடியளின்ர சிறுகதையைப் போடுறார். அவர் அங்க இருந்தது 1961 வரைக்கும்தான், ஆனா அந்தக் கொஞ்சக் காலம் நடந்தது ஒரு கட்சி பத்து வருசத்தில செய்யேலாத வேலை.

இதில ஆர் எழுதினவை எண்டதுதான் முக்கியம். டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்தில தலைமுடி வெட்டுற சலூன்ல வேலை செய்தவர். கே. டானியலும் ஒடுக்கப்பட்ட சாதியில பிறந்து கொம்யூனிஸ்ட் கட்சிக்குள்ளால எழுத்துக்கு வந்தவர். இவையைப் பள்ளிக்கூடத்திலயே ஒழுங்கா இருக்கவிடாத ஊர், எழுத விடுமோ. ஆனா ஜீவாவின்ர 'தண்ணீரும் கண்ணீரும்' 1961ல அரசின்ர சாகித்திய மண்டலப் பரிசு எடுத்துப்போட்டுது. அப்பதான் பண்டிதர்மாருக்குக் கொதி ஏறினது. இவங்கள் எழுதுறது இழிசனர் வழக்கு, இது இலக்கியமே இல்ல, தமிழைக் கெடுக்கிறாங்கள் எண்டு ஒரு பெரிய சண்டை. மேலுக்குப் பாத்தால் அது மொழிநடைச் சண்டை, உள்ளுக்குப் பாத்தால் கிணத்தில தண்ணி அள்ள விடாத அதே சண்டைதான், கடுதாசியில நடந்தது. 1963ல யாழ்ப்பாணத்தில நடந்த சாகித்திய விழாவில கூழ்முட்டை எறியிற அளவுக்குப் போச்சு. (முட்டை எறிஞ்சது எங்கட ஆக்கள், முற்போக்குக்காரர். அதை சரியெண்டு நான் சொல்லேல்ல, ஆனா சிரிப்பு வராமலும் இல்ல.)

1966 ஓகஸ்டில ஜீவா 'மல்லிகை' தொடங்கினவர். சலூன்ல ஆள் வர முடி வெட்டுறது, ஆள் இல்லாட்டில் புரூப் பாக்கிறது, அச்சடிச்சு முடிய கையில தூக்கிக்கொண்டு றோட்டில நிண்டு விக்கிறது. பிறகு கொழும்பு 13 கதிரேசன் வீதிக்கு வந்தும் சஞ்சிகை வந்துகொண்டே இருந்தது. நாப்பது வருசத்துக்கு மேல, யுத்தத்துக்குள்ளாலயும். அவருக்குக் கட்சி குடுத்தது என்ன எண்டு யோசிச்சுப் பாருங்கோ. காசு இல்ல, பதவி இல்ல. "நீ எழுதலாம், உன்ர கதையும் உலகத்துக் கதைதான்" எண்ட துணிவு ஒண்டுதான். கோர்க்கி வாசிச்ச ஒரு தொழிலாளிக்கு மொஸ்கோவில இருந்து தமிழில வந்த மலிவுப் புத்தகம் செய்த வேலையும் அதுதான். இதைப் பொருளாதார வகுப்பு செய்யாது தம்பி. வகுப்பில நீங்கள் ஆரோ ஒராள் எழுதினதைக் கேக்கிறீங்கள், இங்க உங்கட வாயால நீங்கள் சொல்றீங்கள்.

பாட்டும் கூத்தும் முழு பலத்தோட வெளிப்பட்டது 1966க்குப் பிறகு. அந்த வருசம் ஒக்டோபர் 21, சுன்னாகத்தில இருந்து யாழ்ப்பாணத்துக்கு சாதிக் கொடுமைக்கு எதிரா ஊர்வலம், சீனாவின்ர வழியில போன பீக்கிங் சார்பு கொம்யூனிஸ்ட் கட்சி, அதின்ர தலைவர் சண்முகதாசன் ஆக்கள் முன்னுக்கு நிண்டு நடத்தினது, பொலிஸ் அடிச்சுது. அடுத்த வருசம் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம். தேநீர்க்கடைப் பிரவேசம், கோயில் பிரவேசம், 1968ல மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசல்ல முன்னாள் மந்திரி சுந்தரலிங்கம், கணிதப் பேராசிரியர், தானே நிண்டு மறிச்சவர். படிப்புக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல எண்டதுக்கு வேற உதாரணம் தேடத் தேவையில்ல.

அந்தச் சூட்டில வந்ததுதான் 'கந்தன் கருணை'. என்.கே. ரகுநாதன் எழுதின நாடகம், அம்பலத்தாடிகள் எண்ட நாடகக் குழு அதை எடுத்து காத்தான் கூத்துப் பாணியில மேடையேத்தினவை. ஏன் காத்தான் கூத்து? யாழ்ப்பாணத்தில ஊர் ஊரா ஆடப்படுற கூத்து அது, மெட்டுகள் சின்னப் பிள்ளைக்கும் பாடம். அதோட அந்தக் கதையே என்ன, உயர்ந்த சாதிப் பெட்டை ஆரியமாலையை விரும்பினதுக்காக காத்தவராயன் கழுமரம் ஏறின கதை. அந்த மெட்டு எழும்பின உடனே சனத்துக்குள்ள ஏற்கனவே கிடந்த ஒரு காயம் முழிச்சுக்கொள்ளும், அதுக்கு மேல நீங்கள் கோயில் கதவைப் பற்றிப் பாடினால் விளக்கம் சொல்லத் தேவையே இல்ல. அதே காலம், 1969ல, சி. மௌனகுரு மட்டக்களப்பு வடமோடிக் கூத்துப் பாணியில 'சங்காரம்' எண்ட நாடகம் செய்தவர். வடமோடி எண்டால் ராசா, கொலு, போர். அந்த ராசா ஆட்டத்தையும் தாளக்கட்டையும் தொழிலாளிக்குக் குடுத்து, சாதி அரக்கன், வர்க்க அரக்கன் எண்டு அரக்கர்களை எதிர்ப்பக்கம் நிறுத்தினவர். ராசா ஆடுற ஆட்டத்தை ஒரு உழைப்பாளி ஆடுறான் எண்டால் பாக்கிறவனுக்கு முதுகு தானா நிமிரும். கவிதையில சுபத்திரன், மட்டக்களப்பான், ஆனா யாழ்ப்பாணத்துச் சங்கானையில நடந்த சாதி எதிர்ப்புப் போராட்டத்துக்கு வணக்கம் சொல்லி எழுதினவர், அது மேடைக்கு மேடை வாசிக்கப்பட்டது. மட்டக்களப்பில இருக்கிற ஒருத்தர் சங்கானையில அடிபடுற சனத்தைத் தன்ர சனமா நினைச்சு எழுதினதை, அந்தக் காலத்துப் பிரதேசப் பிடிப்புத் தெரிஞ்ச ஆக்களிட்டக் கேட்டுப் பாருங்கோ, லேசான விசயமில்ல. ஈழத்துக் கவிஞர் மஹாகவி கட்சிக்காரரே இல்ல, ஆனா தேர் வடம் பிடிக்க வந்தவனைக் கல்லெறிஞ்சு கொண்ட கதையை 'தேரும் திங்களும்' எண்டு எழுதின அவற்ற சின்னக் கவிதை கட்சிக் கவிஞர் பலபேர் எழுதினதைவிட ஆழமா இறங்கும்.

இவ்வளவும் சொல்லிப்போட்டு மற்றப் பக்கத்தை மறைச்சால் நான் பிரச்சாரகன் ஆயிடுவன். அதே 1966, அதே இடதுசாரிகள், ஆனா மொஸ்கோ சார்புக் கொம்யூனிஸ்ட்டும் சமசமாஜக் கட்சியும், எதிர்க்கட்சித் தலைவி சிறிமாவோட கூட்டுச் சேர்ந்து, தமிழ் மொழிக்கு பிரதமர் டட்லி சேனநாயக்கவின்ர அரசாங்கம் குடுக்கப்போன கொஞ்ச இடத்துக்கு எதிரா ஜனவரியில கொழும்பு றோட்டில இறங்கினவை. அந்தக் காலத்து ஊர்வலக் கோஷம் ஒண்டு இண்டைக்கும் பழைய ஆக்களுக்கு ஞாபகம் இருக்கு: "டட்லிகே படே மசால வடே". டட்லியின்ர வயித்துக்குள்ள மசாலா வடை, அதாவது தமிழனிட்ட வாங்கித் திண்டவர் எண்ட நக்கல். படே, வடே எண்டு எதுகை எவ்வளவு அழகா விழுது பாத்தீங்களோ. அந்த அழகுதான் ஆபத்து. பத்து வருசத்துக்கு முதல், 1956ல, சிங்களம் மட்டும் சட்டத்தைப் பாராளுமன்றத்தில எதிர்த்து நிண்ட கட்சிகள் இவை, சமசமாஜக் கட்சித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா இரண்டு மொழி எண்டால் ஒரு நாடு, ஒரு மொழி எண்டால் இரண்டு நாடு எண்ட கருத்தில பேசின பேச்சை எங்கட ஆக்கள் இப்பவும் எடுத்துச் சொல்லுவினம். அந்தப் பேச்சை விளங்க மூளை வேணும், வடைக் கோஷத்துக்கு நாக்கு மட்டும் போதும். ஆகவே தாளமும் எதுகையும் தன்னளவில முற்போக்கு இல்ல. சனத்தை ஒண்டாக்கிற அதே சாமான், ஆரை வெளியில தள்ளி ஒண்டாக்கிறது எண்ட கேள்வியையும் கூடவே கொண்டுவரும். கொழும்பு இடதுசாரியில நம்பிக்கை வச்சிருந்த தமிழ்ப் பெடியள் பலபேர் அந்தக் காலத்தில விலகினதுக்கு காரணம் தத்துவம் இல்ல, இப்பிடிக் காதில விழுந்த கோஷங்கள்தான் எண்டு நான் நினைக்கிறன்.

இன்னொரு நோய் சூத்திரக் கதை. முதலாளி கெட்டவன், தொழிலாளி நல்லவன், கடைசி வரியில கிழக்கு சிவக்கும். எழுத்தாளர் மு. தளையசிங்கம் 'ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி'யில முற்போக்குக்காரரைப் போட்டு வாங்கினதில எல்லாத்தையும் நான் ஒத்துக்கொள்ளமாட்டன், ஆனா இந்த விசயத்தில அவர் கை வச்ச இடம் சரி. எழுத்தாளர் எஸ்.பொ. (எஸ். பொன்னுத்துரை) முற்போக்குக்காரரோட சண்டை பிடிச்சுக்கொண்டு வெளியில போனதிலயும் இதுக்கு ஒரு பங்கு இருக்கு. பகிடி என்னெண்டால் எங்கல்ஸே 1888ல ஒரு கடிதத்தில எழுதிப்போட்டார், எழுத்தாளற்ற கருத்து எவ்வளவுக்கு மறைஞ்சு நிக்குதோ கலைக்கு அவ்வளவு நல்லம், மன்னராட்சி ஆதரவாளன் பல்ஸாக்கிட்ட இருந்து சரித்திரக்காரரைவிடக் கூடப் படிச்சன் எண்டு. லெனின் டோல்ஸ்டோயைப் பற்றி எழுதினதும் அந்தப் போக்கில்தான். இதெல்லாம் வாசிச்ச ஆக்கள்தான் இங்க, கதையில தொழிற்சங்கம் வெல்லேல்ல எண்டு குறை பிடிச்சவை. டானியலின்ர 'பஞ்சமர்' நாவல் நிலைச்சதுக்குக் காரணம் அதில கட்சி சரியாச் சொல்லுது எண்டதில்ல. அந்தச் சனத்தின்ர பேச்சு, சாப்பாடு, கோபம், சில்லறைச் சண்டை எல்லாம் அதுக்குள்ள அப்பிடியே கிடக்கு. கட்சி உத்தரவு போட்டு இசையைத் திருத்தப் போனால் என்ன நடக்கும் எண்டதுக்கு 1936ல சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின்ர ஒபராவை, அதாவது இசை நாடகத்தை, கட்சிப் பத்திரிகை பிராவ்தா தாக்கி எழுதினது இருக்கு, இங்க அதுக்குள்ள நான் போகேல்ல.

சிங்களப் பக்கமும் உங்கட வட்டத்தில கட்டாயம் கதைக்கவேணும், கொழும்பில இருந்துகொண்டு அதைத் தெரியாமல் இருக்கிறது வெக்கம். 1971ல ஆயுதக் கிளர்ச்சி செய்து தோத்த சிங்கள இடதுசாரிக் கட்சியான ஜேவிபி, 1970களின்ர கடைசியில அதின்ர ஆக்கள் சிறையால வந்தாப் பிறகு ஊர் ஊரா 'விமுக்தி கீ' எண்டு விடுதலைப் பாட்டு நிகழ்ச்சி நடத்தினவை, கட்சியைத் திரும்பக் கட்டினதில அதுக்குப் பெரிய பங்கு. 1987ல சிங்களப் பாடகி நந்தா மாலினியின்ர 'பவன' பாட்டுத் தொகுப்பு, அரச ரேடியோவில அந்தப் பாட்டுகளுக்குத் தடை, கசெட்டில வீடு வீடாப் போச்சு. பாட்டு அருமை, அது எழுப்பின கோபம் போய்ச் சேர்ந்த இடம் ஜேவிபியின்ர இரண்டாவது கிளர்ச்சி, 87-89 இரத்தக்களரி, அதில தமிழருக்கு அதிகாரம் பகிர்றதுக்கு எதிரான வெறியும் கலந்து கிடந்தது, இரண்டையும் சேர்த்துத்தான் கேக்கவேணும். 2022ல ஜனாதிபதிக்கு எதிரா காலிமுகத்திடல்ல நடந்த போராட்டத்தில நூலகம், பாட்டு, தமிழில தேசிய கீதம், 2009 யுத்தத்தின்ர கடைசியில செத்த தமிழரை நினைச்சு மே 18 முள்ளிவாய்க்கால் கஞ்சி எல்லாம் நடந்தது. அதில எனக்குப் பெரிசாப் பட்டது அந்தக் கஞ்சிதான், பாட்டில்ல.

சரி, உங்கட நிகழ்ச்சி. பொருளாதாரத் தோழரை வெளியில விடவேண்டாம், அவருக்கு இருவது நிமிசம் குடுங்கோ, தோட்டத்துச் சம்பளக் கணக்கை அவர் சொல்லட்டும், அதுக்குப் பிறகு சி.வி. திரட்டின பாட்டில மூண்டு நாலை ஆராவது பாடட்டும், கணக்கும் பாட்டும் ஒண்டுக்குப் பக்கத்தில ஒண்டு இருந்தால் இரண்டுமே நல்லா ஏறும். பாடகர் தேடி அலையாதேங்கோ. கொழும்பில கடையளில, பக்டரியில வேலை செய்யிற மலையகப் பெடியள் நிறைய, அவையில தப்பு அடிக்கத் தெரிஞ்சவை இருப்பினம், ஆனா அவையை வாசல்ல வரவேற்புக்கு அடிக்கவிட்டுப்போட்டு நீங்கள் மேடையில இருக்கிற வேலை வேண்டாம், அவையும் மேடையில இருந்து கதைக்கட்டும். ஜீவாவின்ர ஒரு சிறுகதையை முழுசா, சத்தமா, நல்ல குரல் உள்ள ஒராள் வாசிக்கட்டும், விமர்சனம் வேண்டாம். உலகத் தொழிலாளர் கீதமான இன்டர்நேஷனல் பாடுறதெண்டால் தமிழிலயும் சிங்களத்திலயும் மாறி மாறிப் பாடுங்கோ, மெட்டு ஒண்டுதானே. 1871ல பரிஸ் கொம்யூன் நசுக்கப்பட்ட கையோட பிரெஞ்சுக் கவிஞர் பொத்தியே எழுதினது, மெட்டு வந்ததே 1888ல, அவர் செத்தாப் பிறகு. எந்த நாட்டுக்குப் போனாலும் ஒரு தொழிலாளிக்கு அந்த மெட்டை வச்சே தோழரைக் கண்டுபிடிக்கலாம் எண்டு லெனின் 1913ல எழுதினவர், வெள்ளவத்தையில பக்கத்து வீட்டுச் சிங்களத் தோழரைக் கண்டுபிடிக்கவும் அது உதவும். பேச்சாளர் மூண்டு பேருக்கு மேல வேண்டாம், ஹோல் காசை முதலே கட்டிப்போடுங்கோ, மைக்கை ஒருக்கால் செக் பண்ணுங்கோ, கூத்துப் பாட்டுக்கு ஒரு மைக் காணாது.